அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் கையில் பொருளைக் கொடுப்பதால் என்ன பலன்? (இணைய உரையாடல்: தமிழ்நாடு–ஆந்திர எல்லையோரப் பள்ளிகள்)

ஊத்துக்கோட்டை வாத்தியார்:

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பூண்டி தொல்பழங்கால அகழ்வைப்பகத்துக்கு (அருங்காட்சியகம்தான்) கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஒரு யோசனை. எங்கள் ஊரிலிருந்து திருவள்ளூர் பஸ்ஸில் ஏறினால் போகிற வழிதான். கற்கால மனிதர்களின் கல் கருவிகள் கிடைத்த அத்திரம்பாக்கமும் குடியம் குகைகளும் அந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளில் பலர் அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள். ஆனால் ஒருவர்கூட உள்ளே போனதில்லை.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். "பாடப்புத்தகத்தில்தான் கைக்கோடரி படம் இருக்கிறதே, அதையே கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்து என்ன ஆகப்போகிறது?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சும்மா பார்த்துவிட்டு வருவதில் எனக்கும் இஷ்டமில்லை. கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி, பிள்ளைகளே ஏதாவது செய்து பார்க்கிற மாதிரி ஏற்பாடு பண்ண முடியுமா? செய்தவர்கள் சொல்லுங்கள். பலன் இல்லையென்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பள்ளிப்பட்டு பெரியவர்:

தம்பி, என் சர்வீஸ் முழுக்க நான் பார்த்த சுற்றுலா எல்லாம் ஒரே அச்சுதான். காலையில் பஸ்ஸில் பாட்டு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இறங்கினால் வரிசை. "தொடாதே, சாயாதே, பேசாதே." திமிங்கில எலும்புக்கூட்டுக்குக் கீழே ஒரு போட்டோ. அப்புறம் மெரினாவில் புளியோதரைப் பொட்டலம். மறுநாள் வகுப்பில் "எழும்பூரில் என்ன பார்த்தாய்?" என்று கேட்டால், "பீச் பார்த்தேன் சார்" என்பான்.

இப்போது அதற்குச் 'செய்து கற்றல்' என்று புதுச் சட்டை போட்டிருக்கிறார்கள். செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்த காலத்தையும் பார்த்தவன் நான். பல பள்ளிகளில் அட்டை கிழிந்ததுதான் மிச்சம். பிள்ளை கையை அசைத்தால் மூளையும் அசையும் என்று யார் சொன்னது?

கல்மேடு:

சார், நான் தொல்லியல் படிக்கிறவன், திருவள்ளூர்ப் பக்கம். பள்ளிப் பிள்ளைகளோடு சில பயிலரங்குகளில் தன்னார்வலராக இருந்திருக்கிறேன். அதிலிருந்து சொல்கிறேன்.

முதலில் அத்திரம்பாக்கம் என்ன இடம் என்று பார்த்துவிடுவோம். 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததற்கு அதுதான் முதல் சாட்சி. அவர் நிலவியல் துறை அதிகாரி. அதே ஆண்டில் வில்லியம் கிங்கோடு சேர்ந்து அத்திரம்பாக்கத்துக்கும் வந்துவிட்டார். பிற்பாடு சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே ஆண்டுக்கணக்கில் தோண்டினார்கள். 2011இல் சயின்ஸ் இதழில் வந்த அவர்கள் கட்டுரைப்படி அங்குள்ள கைக்கோடரிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு. 2018இல் நேச்சர் இதழில் இன்னொன்று வந்தது. அதில், பெரிய கோடரியை விட்டுவிட்டுத் திட்டமிட்டுச் சிறு செதில்களை எடுக்கிற நுட்பம் அங்கே 3,85,000 ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று காட்டினார்கள். கொசஸ்தலை ஆற்றுப் படுகையில், நம் பிள்ளைகள் ஆடு மேய்க்கிற மண்ணில்.

இதையெல்லாம் பலகையில் எழுதிப்போட்டால், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் 'பதினைந்து லட்சம்' என்பது லாட்டரிப் பரிசு மாதிரி ஒரு தொகை. அவ்வளவுதான். கல்லைக் கையில் கொடுத்தால் வேறு ஒன்று நடக்கிறது. பழைய கல் இல்லை, அதே குவார்ட்சைட் பாறையில் புதிதாகச் செதுக்கிய மாதிரிக் கல். யாரும் சொல்லித்தராமலே பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. தடித்த அடிப்பக்கம் உள்ளங்கையில் உட்கார்ந்து, கூர் முன்னால் வருகிறவரை கை நிற்பதில்லை. அப்புறம் கட்டைவிரல் ஒரு குழியில் போய்ப் படியும். செதில் பெயர்ந்த தழும்பு அது. ஒரு ஓரத்தில் மட்டும் ஆற்றில் உருண்ட பழுப்புத் தோல் வழவழவென்று மிச்சம் இருக்கும். அதை ஒட்டியே விரலைக் கிழிக்கிற விளிம்பு.

அந்த நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இது உடைந்த கல்லா, உடைத்த கல்லா?" சண்டை ஆரம்பித்துவிடும். ஆற்றில் மோதி உடைந்தது என்பான் ஒருவன். அப்படியென்றால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி எப்படி அடி விழும் என்பாள் இன்னொருத்தி. ஆசிரியர் அப்போது வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். அதுதான் பெரிய கஷ்டம்.

பள்ளிப்பட்டு பெரியவர்:

கதை நன்றாக இருக்கிறது. அறுபது பிள்ளைக்கு எத்தனை கல்?

கல்மேடு:

ஐந்து பேருக்கு ஒன்று என்றால் சமாளிக்கலாம் சார். வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதி கல்லோடு உட்கார வேண்டும், மறுபாதி கண்ணாடிப் பெட்டிகளைப் பார்க்க வேண்டும், பிறகு மாற வேண்டும். அறுபது பேரையும் ஒரே கூடத்தில் நிற்கவைத்து ஒரு கல்லைக் கைமாற்றிவிட்டால் நீங்கள் சொன்ன பீச் கதைதான்.

நகரி தறி:

எங்கள் ஊர்க் கதை ஒன்று. நகரியில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம், தெரியும்தானே. என் மகனோடு படிக்கிற பிள்ளைகளை முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குக் கூட்டிப்போனார்கள். 1996இல் திறந்த இடம். பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அப்படியே கட்டிவைத்திருக்கிறார்கள். நெசவாளர் வீடும் உண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் சொல்லித்தருவதும் உண்டு.

நான் முதலில் சிரித்தேன். தறிக்காரன் பிள்ளைக்குத் தறி காட்டக் காசு கொடுத்துக் கூட்டிப்போகிறார்களே என்று. பள்ளி விட்டு வந்தால் தறிக்கு நூல் (தார்) சுற்றுகிற பிள்ளைகள் இவர்கள். 'கையால் செய்து கற்றல்' எல்லாம் டவுன் பிள்ளைகளுக்குத்தான் வேடிக்கை, நம் பிள்ளைகளுக்கு அது வேலை.

ஆனால் அங்கே நடந்தது வேறு. கூட வந்த டீச்சருக்குப் பாவு (நீள நூல்) எது, ஊடை (குறுக்கு நூல்) எது என்று தெரியவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்கிற பையன் ஒருவன் எழுந்து, ஊடை நூலைக் கொண்டு ஓடுகிற நாடா எந்தப் பக்கம் போனால் எந்த மிதியை அமுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறான். டீச்சர் இரண்டு முறை தப்பாக மிதித்து நூல் அறுந்ததாம். அவனே முடிச்சுப் போட்டிருக்கிறான். அதற்கப்புறம் அந்த டீச்சர் கணக்கு வகுப்பில் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று அவனைக் கேட்டுத்தான் கணக்குப் போடவைக்கிறாராம். தறி வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அவனுக்குத் தெரிந்ததைப் பள்ளிக்கூடம் வந்து பார்த்தது அங்கேதான்.

பவர்லூம் பிள்ளைகளுக்கு இது பொருந்துமா என்று கேட்காதீர்கள். அது தனி விவாதம்.

கொசத்தலைக் கரை:

ஒதப்பைப் பாலம் இப்போது எப்படி இருக்கிறது? பூண்டியில் தண்ணீர் திறந்தால் பஸ் போகுமா? கிருஷ்ணா தண்ணீர் இந்த வருடம் வருமா வராதா என்று யாராவது...

நெறியாளர்:

கிருஷ்ணா தண்ணீருக்குத் தனி விவாத இழை இருக்கிறது, அங்கே போடவும். மழை நாளில் போக வேண்டாம் என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

பள்ளிப்பட்டு பெரியவர்:

தறிக் கதை மனதில் நிற்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதை கதைதான். நாலு பிள்ளைக்கு நடந்தது நாலாயிரம் பிள்ளைக்கு நடக்குமா? அளந்து பார்த்த ஆய்வு ஏதாவது இருக்கிறதா? தலைமையாசிரியர் நாற்காலியில் இருக்கிறவனுக்கு அதுதான் வேண்டும்.

சித்தூர் எண்கணக்கு:

இருக்கிறது சார். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தில் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்று ஒரு ஓவிய அருங்காட்சியகம் 2011இல் திறந்தார்கள். வர விரும்பிய பள்ளிகள் அதிகம், இடம் குறைவு. அதனால் குலுக்கல் போட்டு ஒரு பகுதியினரை முதலில் கூட்டிப்போனார்கள், மற்றவர்களைப் பிறகு. ஜே கிரீன் என்பவரும் சகாக்களும் அந்தக் குலுக்கலையே ஆய்வாக்கிவிட்டார்கள். 123 பள்ளிகள், ஏறத்தாழ 11,000 மாணவர்கள். போய்வந்து சில வாரம் கழித்து இரு தரப்பையும் சோதித்தார்கள். போய்வந்த பிள்ளைகள், அதுவரை பார்த்திராத ஓவியத்தைக் கொடுத்தாலும் கூர்ந்து பார்த்து எழுதினார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கும் ஏழைகள் அதிகம் படிக்கிற பள்ளிகளுக்கும் பலன் கூடுதல். தகவலும் தங்கியது. மேப்பிள் சர்க்கரை காய்ச்சுகிற காட்சி ஒரு ஓவியத்தில் வரும். அடிமைகள் உழைப்பில் வந்த சர்க்கரைக்குப் போட்டியாக அடிமை முறையை எதிர்த்தவர்கள் காய்ச்சியது அது. அந்த ஓவியத்தைப் பார்த்த பிள்ளைகளில் 88 சதவீதம் பேருக்கு அந்த விவரம் வாரங்கள் கழித்தும் நினைவிருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே யாரும் எதையும் தொடவில்லை. ஓவியம்தானே. சுமார் ஒரு மணி நேரத்தில் ஐந்து ஓவியம் பார்த்தார்கள். வழிகாட்டி கொஞ்சம்தான் பேசினார், பிள்ளைகள்தான் அதிகம் பேசினார்கள். ஆகவே இந்த ஆய்வைக் காட்டித் 'தொட்டால்தான் படிப்பு வரும்' என்று வாதாட முடியாது. குறைவான பொருள், நிறைய நேரம், பிள்ளைகள் பேச இடம் என்று வாதாடலாம். இன்னொன்று, பஸ் செலவும் மதியச் சாப்பாடும்கூட அருங்காட்சியகத்தின் அறக்கட்டளைப் பணத்திலிருந்தே போனது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கல்மேடு:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், ஆனால் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து. ஓவியம் கண்ணுக்காகச் செய்த பொருள், அதைப் பார்த்தால் போதும். கைக்கோடரி கைக்காகச் செய்த பொருள். எடையும் விளிம்பும் பிடியும் தெரியாமல் அதைப் பற்றி என்ன பேச முடியும்? கண்ணாடிக்குப் பின்னால் அது முக்கோணக் கல், அவ்வளவே.

சான்பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்று 1969இல் ஒரு அறிவியல் கூடம் தொடங்கினார்கள். தொடங்கியவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர், அணுகுண்டு ஓப்பன்ஹைமரின் தம்பி. அரசியல் காரணமாகப் பல்கலைக்கழக வேலை போய், கொலராடோவில் மாடு வளர்த்து, அங்கேயே ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் பாடமும் எடுத்தவர். அந்த அனுபவம்தான் பிற்பாடு அந்தக் கூடமாக ஆனது. இயற்பியல் சோதனை எல்லாம் பிள்ளைகளே நடத்திப் பார்க்கிற இடம். நம் திருப்பதி மண்டல அறிவியல் மையத்தில் பிள்ளைகள் விசையைத் திருகிப் பார்க்கிறார்களே, அதுவும் அந்த வழிதான். ஆனால் அங்கேயும் பாருங்கள், பொத்தானை அமுக்கிவிட்டு ஓடுகிற பிள்ளைகள்தான் அதிகம். பக்கத்தில் ஒருவர் நின்று "ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டால்தான் நிற்கிறார்கள்.

சத்தியவேடு அக்கா:

நீங்கள் எல்லோரும் மறந்த ஒன்றைச் சொல்கிறேன். 1960 ஏப்ரலில் திருத்தணியும் பள்ளிப்பட்டும் தமிழ்நாட்டுப் பக்கம் போக, எங்கள் சத்தியவேடு வட்டார ஊர்கள் ஆந்திரப் பக்கம் வந்தன. இங்கே நிறைய வீடுகளில் பேச்சு தமிழ், படிப்பு தெலுங்கு மீடியம். பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பூண்டிக்குக் கூட்டிவந்தால் பலகையில் இருக்கிற தமிழும் புரியாது, இங்கிலீஷும் தட்டுத்தடுமாறித்தான். ஆந்திரப் பக்கத்துச் சந்திரகிரிக் கோட்டை அருங்காட்சியகத்தில் உங்கள் பிள்ளைகளுக்கு நேர்வதும் இதுதான்.

பலகையை நம்பி நடக்கிற அருங்காட்சியகம் எங்கள் பிள்ளைகளுக்குப் பாதி ஊமை. கல்லையோ பானை ஓட்டையோ கையில் கொடுத்தால் படிக்கத் தெரிந்தவன், தெரியாதவன் என்ற பேதம் அந்த நேரத்துக்காவது போகிறது. வீட்டில் பேசுகிற தமிழிலேயே பார்த்ததைச் சொல்லிவிடுவார்கள். எங்கள் பிள்ளைகள் பள்ளியில் வாயைத் திறக்காததற்குப் பாதிக் காரணம் மொழி. தொட்டுப் பார்ப்பதால் வருகிற பலனை டவுன் பள்ளியில் அளக்காதீர்கள். எங்கள் பக்கம் வந்து அளந்து பாருங்கள்.

விரல்வழி:

சிறப்பாசிரியர் நான், பார்வையற்ற பிள்ளைகளுக்கு. எங்களுக்கு இது விவாதமே இல்லை. டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015இல் 'அனுபவ்' என்று தொட்டுணரும் கூடம் ஒன்று திறந்தார்கள். சிற்பங்களின் பிரதிகளைத் தடவிப் பார்க்கலாம், பிரெயில் குறிப்பும் உண்டு. பார்வையுள்ள பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தால் நல்லதுதான்.

ஒரு வேண்டுகோள். பிரதி செய்கிறவர்கள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்து பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். எடை இல்லை, குளிர்ச்சி இல்லை, விளிம்பு மழுங்கல். என் பிள்ளைகள் தொட்டவுடன் "பொம்மை டீச்சர்" என்று சொல்லிவிடுவார்கள்.

ஆரணியாற்றங்கரை:

எல்லாம் சரி, ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்று அத்திரம்பாக்கம் போய்வந்தது. திரும்பும்போது பிள்ளைகள் பை கனத்தது. ஆளுக்கு நாலு கல். கூட வந்த ஆசிரியரும் "நல்ல ஆர்வம்" என்று தட்டிக்கொடுத்திருக்கிறார். பள்ளி அலமாரியில் இப்போது அவை தூசி பிடித்துக் கிடக்கின்றன. 'தொடு, எடு, செய்' என்று சொல்லிக்கொடுத்தால் இப்படித்தானே முடியும்?

கல்மேடு:

ஆமாம், இது நடக்கிறது, பெரிய சேதம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் எல்லாம் பிறகு. காரணம் புரிந்தால் பிள்ளையே எடுக்காது. ஒரு கல் எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அந்த 15 லட்சம் என்ற கணக்கே வந்தது. புதைந்து கிடந்த காலத்தை அளந்துதான் வயது சொன்னார்கள். பையில் போட்ட அந்த நொடியில் அது ஆற்றுக் கூழாங்கல்.

இதையும் செய்தே காட்டலாம். மணல் நிரப்பிய பிளாஸ்டிக் தொட்டி. அடியில் உடைந்த மண்சட்டி ஓடு, நடுவில் பழைய ஐந்து பைசா, மேலே இன்றைய சாக்லெட் தாள். நூல் கட்டிக் கட்டம் போட்டு, பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எந்தக் கட்டத்தில் எந்த ஆழத்தில் என்று நோட்டில் எழுத வேண்டும். எப்போதும் ஒரு பிள்ளை அவசரப்பட்டு முதலிலேயே அந்தக் காசைப் பிடுங்கிவிடும். மற்ற பிள்ளைகளே திட்டுவார்கள், "எங்கே இருந்துச்சுன்னு எழுதலையே, இப்ப எதுக்கு முந்தினதுன்னு எப்படித் தெரியும்?" என்று. சட்டத்தை நான் விளக்கவே வேண்டியிருக்காது. சென்னை ஷர்மா பாரம்பரியக் கல்வி மையமும் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிலரங்கு நடத்திவந்திருக்கிறது. அத்திரம்பாக்கம் அகழாய்வு செய்தவர்களின் மையம்தான். வாத்தியார் சார், நீங்கள் அவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஊத்துக்கோட்டை வாத்தியார்:

தொட்டி யோசனை அருமை. ஒரு சந்தேகம். கைக்கோடரி செய்து பார்க்கச் சோப்புக்கட்டி கொடுக்கலாமா? ஒரு பயிற்சியில் அப்படித்தான் சொன்னார்கள். கத்தியால் செதுக்கிவிடலாம், ஆபத்தும் இல்லை.

கல்மேடு:

வேண்டாம் சார். சோப்பைச் சீவலாம், கல்லைச் சீவ முடியாது. கல்லில் ஒரு இடத்தில் அடித்தால் விசை உள்ளே பரவி எதிர்ப்பக்கம் செதிலாகக் கழன்று விழும். எங்கே அடித்தால் எங்கே விழும் என்று முன்கூட்டியே யோசித்தவர்கள்தான் அந்த மனிதர்கள். பாடமே அதுதான். சோப்பு அதை மறைத்துவிடும். பிள்ளை 'மீன் பொம்மை செய்தேன்' என்று வீட்டுக்குப் போகும்.

பிள்ளைகள் கையில் கல்லடிக்கக் கொடுக்கவும் வேண்டாம். செதில் பிளேடு மாதிரி பறக்கும். தெரிந்த ஒருவர் பாதுகாப்புக் கண்ணாடியும் தோல் கையுறையும் போட்டு அடிக்கட்டும், பிள்ளைகள் நாலைந்து மீட்டர் தள்ளி உட்காரட்டும். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் "இப்போது எந்தப் பக்கம் பெயரும்?" என்று கை தூக்கச் சொல்லுங்கள். அடி எடுப்பவர் ஒருவர்தான், யோசிக்கிறவர்கள் எல்லோரும்.

பள்ளிப்பட்டு பெரியவர்:

இப்போது கொஞ்சம் வழிக்கு வருகிறீர்கள். கை வேலை ஒருவருக்கு, மண்டை வேலை எல்லோருக்கும் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் ஆட்சேபம் எல்லாம் 'பிள்ளைகள் மகிழ்ந்தனர்' என்று அறிக்கை எழுதி, போட்டோ ஒட்டி, வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு மறந்துபோகிற பிழைப்பு மேல்தான். வாத்தியார் தம்பி, போவதற்கு முந்தின வாரம் வகுப்பில் என்ன, போய்வந்த மறுவாரம் என்ன? அதைச் சொல்லுங்கள்.

ஊத்துக்கோட்டை வாத்தியார்:

சரி சார், இப்படி வைத்திருக்கிறேன். முந்தின வாரம் பள்ளி மைதானத்திலேயே மணல் தொட்டி. பூண்டியில் எல்லாப் பெட்டியும் பார்க்கப்போவதில்லை, ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு கல்லின் முன்னால் உட்கார்ந்து நாலு பக்கமும் வரைய வேண்டும். கல்மேடு தம்பி மாதிரிக் கற்களோடு வர ஒப்புக்கொண்டிருக்கிறார். அகழ்வைப்பகத்தாரிடம் முன்கூட்டியே நேரமும் அனுமதியும் கேட்டுக்கொள்கிறேன். குடியம் இந்த முறை வேண்டாம், காட்டுக்குள் நடக்க வேண்டும், வெயில். மறுவாரம் அவர்கள் வரைந்ததை வைத்து ஏழாம் வகுப்புக்கு அவர்களே பாடம் எடுக்க வேண்டும். தலைமையாசிரியரையும் அந்த வகுப்பில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். "பார்க்கலாம்" என்றார். அவர் அகராதியில் அது சம்மதம்.

சத்தியவேடு அக்கா:

எங்கள் பள்ளியிலிருந்தும் ஒரு வகுப்பு சேர்ந்துகொள்ளட்டுமா? பள்ளி பஸ் எல்லை தாண்ட வேண்டுமென்றால் பெர்மிட் அலைச்சல். ஊத்துக்கோட்டை வரை வந்து உங்களோடு சாதாரண பஸ்ஸில் ஏறிவிடுகிறோம். குழுக்களைக் கலந்து போடுங்கள். உங்கள் பிள்ளை பலகையைப் படித்துச் சொல்லட்டும், எங்கள் பிள்ளை அதைத் தெலுங்கில் எழுதிக்கொள்ளட்டும்.

ஊத்துக்கோட்டை வாத்தியார்:

தாராளமாக வாங்க அக்கா. கல் கணக்கைக் கூட்ட வேண்டும், தம்பி.

கல்மேடு:

கூட்டிவிடலாம். ஒரே ஒரு விஷயம் எல்லோரும் கேளுங்கள். அடித்துக் காட்டும்போது விழுகிற புதுச் செதில்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்து வந்துவிட வேண்டும். அந்த மண்ணில் விட்டுவிட்டால் நாளைக்கு ஆய்வுக்கு வருகிறவர் அவற்றைப் பழையது என்று எண்ணிக் குழம்புவார். அடிக்கிற இடத்தில் தார்ப்பாய் விரிக்க வேண்டும். தூள்கூட அதில்தான் விழ வேண்டும்.

நகரி தறி:

தார்ப்பாய் என்னிடம் இருக்கிறது. பாவு மூட்டை மூடுகிறது, பெரிசு. ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து தருகிறேன், தேதியை மட்டும் சொல்லுங்கள்.